ஒரு தம் தூரம்

என் கணவர் பயர் சர்வீஸில் இருந்தார் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். தீயிலா போனார்? முதல் சில மாதங்கள் நான் இல்லையென்று மறுத்து, கிணறு என்று சொல்லி, எந்தப் பக்கத்துக் கிணறு, எதற்காக இறங்கினார் என்பது வரை விளக்கினேன். கேட்டவர்கள் முகத்தில் சிறு ஏமாற்றம் வருவது போல் இருக்கும். எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. இப்போது தலையை மட்டும் ஆட்டிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குக் கீரமங்கலத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் அம்மாள் அவர் தீயில் போனதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

என் மகள் விஷயத்தில் அப்படி விட முடியவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. அப்பா இறந்துவிட்டார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்லிவிட்டார்கள். அந்த வேறொன்றை அவள் மனத்திலிருந்து எடுக்க எனக்குச் சித்திரையிலிருந்து தை வரை ஆயிற்று. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

நான் இலுப்பூரில் பிறந்தவள். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார் என்பதால் என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை நிறுத்தவில்லை. அதன் பிறகு வந்த வரன் இவர். சர்க்கார் வேலை, கீரமங்கலம் பக்கம் நிலம், ஒரே தம்பி. அம்மாவுக்கு ஒரு தயக்கம்தான். நெருப்போடு வேலையாமே என்றாள். கல்யாணத்தன்று மணவறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் இரண்டு முழங்கைகளும் தோலுரிந்து, மேலே மஞ்சள் பூசியிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் அழுதாளாம். மாப்பிள்ளை தீயில் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று பந்தியில் பேச்சு. சுட்ட புண் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் திருச்சியில் ஆட்டம் இருந்திருக்கிறது. அதில் விழுந்தது.

ஆட்டம் என்றால் சடுகுடு. அவர் பிறந்த ஊரில் சடுகுடு, இலாகாவில் கபடி. இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிச் சொன்னதற்கு, கல்யாணமான புதிதில், ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. இலாகா ஆட்டத்தில் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன், தன் கட்சிக்காரன் போய் எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தால், எழுந்து மறுபடி உள்ளே வரலாம். ஊர் ஆட்டத்தில் அது கிடையாது. ஒருமுறை வெளியே போனவன் அந்த ஆட்டம் முடியும்வரை வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் பொது, மூச்சு. பாடிக்கொண்டு போகிறவன் எதிர்க்களத்தில் மூச்சு விட்டுவிட்டால் தீர்ந்தது. தொட்டாலும் செல்லாது, நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் கணக்கு. அந்த மூச்சைத்தான் அவர் தம் என்பார்.

மாட்டுப் பொங்கலுக்கு ஊரில் ஆடும்போது அவருக்கு இரண்டு ஆட்டமும் குழம்பிவிடும். அவுட்டாகி உட்கார்ந்தவர், தன் கட்சி ஒரு ஆளைத் தொட்டதும் பழக்கத்தில் எழுந்து உள்ளே ஓடிவருவார். என் கொழுந்தன், அவருடைய தம்பி, எதிர்க்கட்சியிலிருந்து கையைக் காட்டித் தடுப்பான்.

"அண்ணே, இது ஒங்க கவர்மெண்டு ஆட்டம் இல்ல. ஒக்காந்தா ஒக்காந்ததுதான். அங்கிட்டுப் போங்க."

"ஒங்க ஆட்டத்துல இரக்கமே இல்லடா" என்று சொல்லிக்கொண்டே மறுபடி போய் வரப்பில் உட்காருவார். வருஷா வருஷம் இது நடக்கும். இதைப் பார்க்கவே சிலர் வருவார்கள் என்று நினைக்கிறேன். மகளும் அவர் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

டவுனில் எங்களுக்கு லைன் வீடு. பயர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள், ஒரு பொதுக் குழாய். என் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ்களைக் காயப்போடும் உயரமான கம்பம் தெரியும். தீயணைத்துவிட்டு வந்ததும் அந்தக் கித்தான் ஓஸ்களைக் கழுவி, கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கவிடுவார்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். அதனால் எத்தனை களைப்பாக வந்தாலும் முதல் வேலை அது. மணி அடித்து வண்டி கிளம்பினால் நான் வேறு யாரையும் கேட்க மாட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். ஓஸ் ஏறினால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கும் அதைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பேன்.

சில சமயம் வண்டி திரும்பி வரும், ஓஸ் ஏறாது. அப்போது இன்னும் நிம்மதி. தண்ணீர் பாய்ச்ச வேலையில்லை, எங்கோ கிணற்றில் மாடு விழுந்திருக்கிறது, கயிறு போட்டுத் தூக்கிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிணற்றுக்குப் போய் வந்தால் அவர் சிரித்துக்கொண்டே வருவார். கன்றுக்குட்டி உதைத்தது, எருமை கயிற்றிலேயே சாணி போட்டது, இப்படி ஏதாவது இருக்கும். கோடையில் கூரை பற்றுவதற்குத்தான் நான் பயந்தேன். வைக்கோல் போருக்குப் பயந்தேன். வீட்டில் அடுப்பு மூட்டவே பயம். விறகு கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் புகை மண்டிவிடும். அவர் வாசலில் நின்று, "பயர்மேன் வீட்டுலேயே இப்புடிப் பொகைஞ்சா ஊர்க்காரன் மணி அடிச்சுருவான், புள்ள" என்பார். என்னிடம் இருந்த பயம் முழுவதையும் நான் நெருப்பின் மேல் வைத்துவிட்டேன். கிணற்றுக்கு வைக்க எதுவும் மிச்சமில்லை.

விடியற்காலையில் ஸ்டேஷன் மைதானத்தில் அவர் தனியாகப் பாடிப் பழகுவார். கபடி கபடி என்று ஆரம்பிக்கும். மைதானத்தின் கடைசி வரை போய்த் திரும்பும்போது, வேகத்தில், சடுகுடு சடுகுடு என்று மாறிவிடும். திருச்சி ஆட்டத்தில் இப்படி மாறியதற்காக நடுவர் விசில் ஊதியதும் உண்டு. சமையல்கட்டில் நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கும்போது எனக்குத் தெரியாமலே நானும் மூச்சைப் பிடித்துவிடுவேன். அவர் கோட்டுக்கு வந்து மூச்சு விட்ட பிறகுதான் நான் விடுவேன். எனக்கு அவ்வளவு தம் கிடையாது. பல நாள் பாதியிலேயே இருமல் வந்துவிடும். அவரிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், அவ்வளவுதான்.

அவருக்குத் தூரமெல்லாம் தம் கணக்கு. வீட்டு வாசலிலிருந்து குழாயடி அரைத் தம். ஸ்டேஷன் கேட்டு ஒரு தம். பஸ் ஸ்டாண்டு எத்தனை தம் என்று மகள் கேட்டு, இருவரும் கிளம்பிப் போய், பாதி வழியில் யாரோடோ பேசிக்கொண்டு நின்று கணக்கை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். டியூட்டி இல்லாத நாளில் அவளை அவர்தான் குளிப்பாட்டுவார். சோப்புத் தண்ணீர் மூக்கில் போகிறது என்று அவள் கத்துவாள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். "தம் பிடி" என்பார். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை மூடுவாள். தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு "விடு" என்பார். விடுவாள். மறுபடி தம் பிடி, மறுபடி விடு. மற்ற பிள்ளைகள் குளிக்கும்போது லைன் வீடுகள் எல்லாம் அலறும். எங்கள் வீட்டில் இந்த இரண்டு சொல்தான் கேட்கும்.

அவர் டியூட்டிக்குப் போன நாளில் நான் குளிப்பாட்டினால் எனக்கு அந்தத் தைரியம் வராது. கையால் மூக்கை மறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். தாமதம் என்று அவளுக்குக் கோபம் வரும். நான் செய்வது சரியா, அவர் செய்வது சரியா என்று அப்போதே யோசித்திருக்கிறேன். இப்போதும் தெரியவில்லை.

அது சித்திரை மாதம். காலையில் மணி அடித்து வண்டி போயிற்று. நான் புளியை ஊறப்போட்டிருந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வந்த சத்தம் கேட்டது. பார்த்துக்கொண்டிருந்தேன், ஓஸ் ஏறவில்லை. கிணறு என்று தெரிந்தது. மாடாக இருக்கும். உலையை ஏற்றினேன். அன்று நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமே உலை ஏற்றினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

அவருடன் வேலை செய்தவர் ஒருவர், எங்கள் லைனில் கடைசி வீடு. என்னைத் தங்கச்சி என்பார், மகளுக்கு அவர் மாமா. அவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. தொப்பி கையில் இருந்தது.

"தங்கச்சி, அடுப்ப அணைச்சிட்டு வாங்க" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் அவர்கள் முதலில் சொல்வது அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். விறகை வெளியே இழுத்தேன். தண்ணீர் தெளித்தேன். கங்கு ஒன்று உள்ளே தங்கிவிட்டதுபோல் இருந்தது, மறுபடி தெளித்தேன். உலைப் பானையை இறக்கி மூடினேன். புளித் தண்ணீரை மூடினேன். ஈ மொய்க்குமே என்று. பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என்ன நடந்தது என்பதை அன்றும் அதற்குப் பிறகும் கடைசி வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு தோட்டம். வருஷக்கணக்கில் இறைக்காமல் கிடந்த கிணறு. தூர் வார ஒரு ஆள் இறங்கி அடியில் மயங்கி விழுந்துவிட்டான். மேலே நின்றவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு டவுனுக்கு ஆளனுப்பினார்கள். இவர்கள் போனதும் முறைப்படி அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார்கள். பாதியிலேயே அணைந்துவிட்டது. விளக்கு அணைகிற இடத்தில் மூச்சு விட்டால் மனிதனும் விழுவான். எட்டாம் வகுப்பு சயன்ஸ் பாடத்தில் எனக்கும் இது வந்தது. கரியமில வாயு என்று எழுதி, மெழுகுவர்த்திப் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். காற்றுப் போகட்டும், வேப்பங்குழை கட்டி மேலும் கீழும் வீசி உள்ளே இருப்பதைக் கலைத்த பிறகு இறங்கலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அடியில் கிடந்தவன் இன்னும் முனகுவது கேட்டு என் கணவர் எட்டிப் பார்த்திருக்கிறார். கிணற்றின் ஆழத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு தம்தாண்ணே" என்றிருக்கிறார்.

போய், தொட்டு, கட்டிவிட்டு, வர வேண்டியது. அவருக்கு அது பழகிய வேலை. யாரும் அதட்டி நிறுத்துவதற்குள் இடுப்பில் கயிற்றோடு இறங்கிவிட்டார். இறங்கியது, ஆளைப் புரட்டியது எல்லாம் மேலிருந்து தெரிந்ததாம். இன்னொரு கயிற்றை அந்த ஆளின் அக்குளில் கொடுத்துக் கட்டினார். தூக்கினார்கள். முடிச்சு நழுவிவிட்டது. அந்த ஆள் உடம்பெல்லாம் சேறு. இவர் மறுபடி கட்டினார். இரண்டாவது முடிச்சு நின்றது. ஆள் மேலே போய்க்கொண்டிருக்கும்போது இவர் வாயைத் திறந்தது தெரிந்தது என்றார். இவர் கயிற்றையும் உடனே இழுத்தார்கள். மேலே வந்தபோது மூச்சு இல்லை. ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனார்கள்.

ஒரு முடிச்சுக்குத்தான் அவர் தம் வைத்திருந்தார். இதை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆடாதவராக இருந்தால் காத்திருந்திருப்பார். காத்திருந்தால் அந்த ஆள் போயிருப்பான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன என்றார்கள். இதற்கு மேல் இந்த யோசனை எங்கும் போவதில்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

ஊருக்குக் கொண்டுவந்து மாமனார் வீட்டு முற்றத்தில் கிடத்தினார்கள். பெண்கள் என்னை நடுவில் உட்காரவைத்துச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கல்லாகிவிட்டாள், அழவையுங்கள் என்று யாரோ என் முதுகில் அடித்தார்கள். அடி விழுந்தது தெரிந்தது. வலிக்கவில்லை. லைன் வீட்டு அடுப்பில் அந்தக் கங்கு முழுதும் அணைந்ததா என்பதே என் நினைவில் இருந்தது. யாரிடமாவது சாவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று கூட நினைத்தேன்.

மகள் அவர் தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள். மூக்கில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தாள். "எதுக்கு மாமா அப்பா மூக்குல பஞ்சு?" என்று கேட்டாள். கேட்டது கடைசி வீட்டுக்காரரிடம். அவர் காக்கிச் சட்டையோடு, சேறு காய்ந்த கால்களோடு, அப்படியே நின்றிருந்தார். கீழே குனிந்து அவளிடம் சொன்னார்.

"அப்பா தம் பிடிச்சிருக்காரு, பாப்பா. நீ சத்தம் போட்டா விட்டுருவாரு. பேசாம இருக்கணும், என்ன?"

நான் இரண்டு கை தூரத்தில் இருந்தேன். காதில் விழுந்தது. அவர் மனசறிந்து சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் எல்லாருக்கும் அந்தச் சொல் நாக்கு நுனியில் இருப்பது. பிள்ளை அழாமல் இருக்க வேண்டும் என்று அவருக்குக் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

மகள் அதற்குப் பிறகு ஒரு சத்தம் போடவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள், விட்டாள், மறுபடி உப்பினாள். தூக்கிக்கொண்டு போகும்போதும் அழவில்லை. வாத்தியார் பேத்தி, விவரமான பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். பெண்டு பிள்ளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் அவளுக்கு அவர் தூக்கிச் செல்லப்பட்டதோடு சரி. என் கொழுந்தன் கொள்ளி வைத்தான். தீயிலா என்று கேட்கிறவர்களுக்கு நான் தலையாட்டுவது முழுப் பொய்யும் இல்லை.

கருமாதியன்று அந்தக் கிணற்று ஆள் வந்திருந்தான். வேலிப்படலுக்கு வெளியே நின்றான். மாமனார் போய்க் கூப்பிட்டும் பந்தியில் உட்காரவில்லை. ஒரு பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

லைன் வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்துவிட்டோம். டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போடச் சொல்லி அப்பா இலுப்பூரிலிருந்து வந்து சொன்னார். எழுதிப் போட்டேன். வருஷம் திரும்பும்வரை எங்கும் போகக் கூடாது என்றார்கள், போகவில்லை. அத்தை, என் மாமியார், நெல் அவித்தால் கூட நின்றேன். மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவள் நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குளிப்பாட்டும்போதுதான் முதலில் தெரிந்தது. தண்ணீரை மொண்டதும் அவளாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஊற்றி முடித்தேன். அவள் விடவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெரிந்தது. விடு விடு என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். தானாக வெடித்து, மூச்சு வாங்கி, இருமினாள். ஏண்டி இப்படி என்று கேட்டதற்கு, அப்பா எவ்வளவு நேரம் பிடிக்கிறார், நான் இவ்வளவுகூடப் பிடிக்க வேண்டாமா என்றாள். பிறகு மெதுவாக, "அப்பா இன்னும் விடலையாம்மா?" என்று கேட்டாள்.

நான் சோப்பை எடுத்துத் தேய்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் இது நடந்தது. ஒரு சொம்பு ஊற்றுவேன், நிறுத்துவேன். நான் "விடு" என்று சொன்னால் அவள் விடமாட்டாள். அதைச் சொல்கிற ஆள் நான் இல்லை. முற்றத்தில் கரிக்கட்டையால் கோடு கிழித்து, அங்கிருந்து தோட்டத்துக் கிணறு வரை பாடிக்கொண்டு ஓடி, கிணற்றுச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவாள். கிணற்றடிக்குப் போகாதே என்று அடித்தும் பார்த்தேன். அடித்த அன்று சாப்பிடவில்லை, ஆனால் மறுநாள் மறுபடி ஓடினாள். அவள் சொல்லியது எல்லாம் அவள் கணக்குக்குச் சரி. கோட்டுக்குத் திரும்பும்வரை மூச்சு விடக் கூடாது. அப்பா இன்னும் திரும்பவில்லை. ஆகையால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் அவள் உடைந்துவிடுவாளோ என்று தள்ளிப்போடுவேன். சொல்லாமல் விட்டால் ஒருநாள் மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பயப்படுவேன். பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமனார், தானாக மறந்துவிடும் என்றார். அத்தை, அந்த நினைப்பாவது பிள்ளைக்கு இருக்கட்டுமே என்றார். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. ஒருநாள் அவள் மூச்சைப் பிடித்து, கண் செருகி, குளிக்கிற கல்லின் மேலேயே சாய்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்துவிட்டாள். எழுந்ததும் சிரித்தாள். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

தை பிறந்தது. சாவு விழுந்த வீடு, பொங்கல் பானை வைப்பதில்லை. மாட்டுப் பொங்கல் ஆட்டத்தை என்ன செய்வது என்று ஊரில் கேட்டார்களாம். கொழுந்தன் வந்து என் எதிரில் நின்றான். அவன் என்னிடம் அதிகம் பேசுகிறவன் அல்ல.

"அண்ணி, நீங்க வேணாம்னா வேணாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் ஏன் இதைத் தீர்மானிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆடட்டும் என்றேன். சொன்னதும் தப்போ என்று இருந்தது. அதற்குள் அவன் போய்விட்டான். பாப்பாவையும் அழைத்துப் போகட்டுமா என்று மறுநாள் கேட்டான். அதற்கும் சரி என்றேன்.

ஆட்டம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், அறுத்த வயலில். நான் கொல்லையில் அமர்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ பாடிக்கொண்டு போனார்கள். என் கை முறத்திலேயே நின்றுவிட்டது. சடுகுடு சடுகுடு சடுகுடு. பிறகு பலர் மேலே விழுந்து அமுக்குகிற சத்தம். பாட்டு நசுங்கி, இழுத்து, நின்றது. ஊர் கூச்சல் போட்டது.

கொஞ்ச நேரத்தில் மகள் வேலிச் சந்து வழியாக வந்தாள். தலையெல்லாம் புழுதி. என் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"சித்தப்பாக்கு தம் போயிருச்சு. எல்லாரும் மேல விழுந்து அமுக்கிட்டாங்க. உள்ளேயே விட்டுட்டாங்க."

"சரி" என்றேன்.

"அவ்வளவு பெரியவங்களுக்கே போயிருச்சும்மா."

உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போகவில்லை.

"அப்பாக்கும் போயிருச்சா?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு கல்லைப் பொறுக்கிப் போட்டேன்.

"போயிருச்சு" என்றேன். "அன்னைக்கே போயிருச்சு. கெணத்துக்குள்ளேயே விட்டுட்டாங்க."

"கோட்டுக்கு வரலையா?"

"வரலை."

அவள் தரையில் விரலால் கிழித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஸ்டேஷன் ஆட்டத்தில் என்றால் வெளியே போனவர்கள் திரும்ப வரலாமே என்றாள். இது அது இல்லை என்றேன். ஊர் ஆட்டமா என்றாள். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் என் தப்பு புரிந்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது. ஊர் ஆட்டத்தில் வரப்பில் உட்கார்ந்தவர்கள் ஆட்டம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதை அவள் வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள். அவர் மடியிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"அப்ப ஆட்டம் முடிஞ்சதும் வந்துருவாங்கள்ல?"

முறத்தைக் கீழே வைத்தேன். ஆட்டத்தை வைத்து இனி ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. வேறு எதை வைத்தும் சொல்லத் தெரியவில்லை.

"வரமாட்டாங்க. அப்பா செத்துப் போயிட்டாங்க" என்றேன். "மாமா அன்னைக்குச் சும்மா சொன்னாரு, நீ அழக் கூடாதுன்னு. அப்பா தம் பிடிச்சுக்கிட்டு இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப்போல ஆகிவிட்டாளோ என்று ஒரு கணம் தோன்றியது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆள் பாடத் தொடங்கியிருந்தான். அவள் அதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள்.

"அந்தக் கெணத்து ஆள அப்பா தொட்டுட்டாங்கள்ல?"

"தொட்டாங்க. கட்டி மேல அனுப்பிட்டாங்க. அந்த ஆளு நல்லா இருக்காரு."

"ஆனா அப்பா கோட்டுக்கு வரல."

"வரல."

"அப்ப யாரு ஜெயிச்சா?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவள் அதை ஒப்புக்கொண்டதுபோல் எழுந்து, பாவாடையைத் தட்டினாள். புழுதி பறந்தது. குளிக்கணும் என்றாள்.

வெந்நீர் வைத்து, கல்லில் உட்காரவைத்தேன். வயலில் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை, நல்ல தம். நீண்டுகொண்டே போயிற்று. நான் சொம்பை மொண்டதும் அவள் பழக்கத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் மறைக்காமல், அவர் ஊற்றுவதுபோல, தலையில் முழுவதும் ஊற்றினேன்.

"விடு" என்றேன்.

விட்டாள். கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட்டாள் போலிருக்கிறது. மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது என்று கத்தினாள். அப்பா மாதிரி எனக்கு ஊற்றவே தெரியவில்லை என்று அழ ஆரம்பித்தாள். நான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன். இன்னும் இரண்டு சொம்பு பாக்கி இருந்தது, புழுதி போகவில்லை. அவள் அழுதுகொண்டிருக்கும்போதே ஊற்றினேன்.